டூட்டியில் அடிபட்ட போலீசுக்கு என்ன கிடைக்கும், அது எங்கே நழுவும்

2018-ல் நாங்குநேரிப் பக்கம் மணல் கடத்தலைத் தடுக்கப் போன காவலரைக் கொன்றார்கள். 2020-ல் வல்லநாட்டுப் பக்கம் ரவுடியைப் பிடிக்கப் போன காவலர் நாட்டு வெடிகுண்டில் இறந்தார். 2021-ல் ஏரலில் எஸ்.ஐ. மீது வண்டியை ஏற்றினார்கள். இவையெல்லாம் தலைப்புச் செய்தி ஆயின. கை உடைந்து, தலையில் தையலோடு உயிருடன் வீடு திரும்புகிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. தமிழ்நாட்டுப் போலீசுக்குச் சங்கமும் கிடையாது. அதனால் ஆபீஸ் ஆபீஸாக அலைவது வீட்டுப் பெண்கள்தான். இந்தக் குறிப்பு அவர்களுக்கு.

உரிமை என்னவோ எளிமையானதுதான். பணி செய்ததற்காக வேண்டுமென்றே தாக்கப்பட்டுக் காயமடைந்த அரசு ஊழியருக்கு அடிப்படை விதி 83-ன் கீழ் தனி விடுப்பு உண்டு. ஆபீசில் ‘ஸ்பெஷல் டிஸெபிலிட்டி லீவ்’ என்பார்கள். அதிகபட்சம் 24 மாதம். அவர் சேர்த்து வைத்த விடுப்பிலிருந்து இதைக் கழிக்கக் கூடாது.

இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். “இப்போதைக்கு மெடிக்கல் லீவ் எழுதிக் கொடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்பார்கள். அந்த ‘அப்புறம்’ வராது. சொந்த விடுப்பு கரைந்த பிறகு கேட்டால், “நீங்கதானே மெடிக்கல் லீவ் கேட்டீங்க” என்று உங்கள் கடிதத்தையே எடுத்துக் காட்டுவார்கள். ஆகவே முதல் விண்ணப்பத்திலேயே ‘பணியின்போது தாக்கப்பட்டு ஏற்பட்ட காயத்துக்காக அடிப்படை விதி 83-ன் கீழ்’ என்று எழுதுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

பெரிய பள்ளம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஒரு ராத்திரி வாகனத் தணிக்கையில் காவலர் ஒருவருக்குக் கட்டையால் அடி. கூட வந்தவர் பதற்றத்தில், ஸ்டேஷனுக்குக் கெட்ட பேர் வேண்டாம் என்றும் நினைத்து, டாக்டரிடம் “வண்டியிலிருந்து விழுந்துட்டார்” என்று சொல்லிவிட்டார். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டது. பிறகு எஃப்.ஐ.ஆர். போட்டும் பயனில்லை. ‘காயம் தாக்குதலால் ஏற்பட்டதற்கு ஆதாரமில்லை’ என்று லீவ் ஃபைல் திரும்பி வந்தது. ஸ்டேஷனே நேரில் பார்த்த சம்பவத்துக்கு அந்த வீட்டம்மா ஆதாரம் தேடி அலைந்தார். நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியானாலும் சரி, அம்பை, வள்ளியூர் ஜி.எச். ஆனாலும் சரி, ‘பணியில் இருந்தபோது இத்தனை பேர் இன்ன ஆயுதத்தால் தாக்கியதாக’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த விபத்துப் பதிவேட்டின் நகலை (‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள்) அன்றைக்கே கேளுங்கள்.

அதோடு அன்றைய டூட்டி பாஸ்போர்ட் (எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்ற எழுத்துச் சீட்டு), ஸ்டேஷனின் தினசரிப் பதிவேடான ஜெனரல் டைரியில் வெளியே போன பதிவு இரண்டையும் உடனே போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வாய்மொழியாக “போய்ப் பாரு” என்று அனுப்பியிருந்தால், அன்றைய தேதியிலேயே ஸ்டேஷன் எழுத்தரிடம் சொல்லிப் பதிவு போட வையுங்கள். ஒரு மாதம் கழிந்தால் அனுப்பியவருக்கே ஞாபகம் இருக்காது.

அடுத்தது மூன்று மாதக் கணக்கு. பாதிப்பு சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வெளிப்பட்டிருக்க வேண்டும், தாமதமின்றித் தெரிவித்திருக்க வேண்டும் என்கிறது விதி. உடைந்த எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும். தூக்கம் போனது தெரியாது. அரிவாளை நேருக்கு நேர் பார்த்தவர் ராத்திரி ரோந்து என்றால் வியர்க்கிறார், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். “போலீஸ்காரனுக்கு என்னலே பயம்” என்று கூட இருப்பவர்களே சிரிப்பதால் வாய் திறப்பதில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் மனநலப் பிரிவில் காட்டி, சம்பவத்தைக் குறிப்பிட்டு ஓ.பி. சீட்டில் எழுத வையுங்கள். இப்படி வாய் திறக்காதவர்கள்தான் கடைசியில் அயல் பணி (வேறு பிரிவில் தற்காலிக வேலை) கேட்டு ஸ்டேஷனை விட்டே போகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் தலையில் கூடுதல் ராத்திரி டூட்டி விழுகிறது.

நெல்லையில் வரும் ஒரு சிக்கல்: மாநகரத்துக்குக் கமிஷனர், மாவட்டத்துக்கு எஸ்.பி. மணிமுத்தாறு பட்டாலியன்காரர் ஆனித் தேரோட்டத்துக்கோ குலசை தசராவுக்கோ பந்தோபஸ்து வந்து அடிபட்டால், வழக்கு ஓர் இடத்தில், லீவ் ஃபைல் வேறோர் இடத்தில். இவர்கள் அவர்களைக் கைகாட்டுவார்கள், அவர்கள் இவர்களை. எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, பந்தோபஸ்து உத்தரவு மூன்றையும் நீங்களே தாய் யூனிட்டில் (அவர் நிரந்தரமாகச் சேர்ந்த பிரிவில்) கொண்டு கொடுங்கள். ‘ஆபீஸ் வழியா வரும்’ என்று காத்திருந்தால் வராது.

வழக்கில் எந்தப் பிரிவு என்று கட்டாயம் பாருங்கள். பணியைத் தடுக்கத் தாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 132, இரண்டாண்டு வரை. காயம் ஏற்பட்டால் 121(1), ஐந்தாண்டு வரை. கொடுங்காயம் என்றால் 121(2), பத்தாண்டு வரை. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனால் எக்ஸ்ரேக்கு முன்பே ‘சாதாரணக் காயம்’ என்று சான்று போய்விட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். எக்ஸ்ரே அறிக்கையோடு டாக்டரின் இறுதிக் கருத்தைக் கேட்டு வாங்கி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், போலீசே புகார்தாரர் ஆனாலும்.

ஊர்ப் பெரியவர்கள் ‘ராஜி’ பேச வருவார்கள், சில சமயம் மேலே இருப்பவர்களும். இந்தப் பிரிவுகள் சமரசத்துக்கு உரியவை அல்ல. ஸ்டேஷனில் எழுதும் ராஜிக் கடிதத்தால் வழக்கு முடியாது. ஆனால் ‘பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை’ என்ற வரியில் உங்கள் கையெழுத்து இருக்கும். நாளை லீவ் ஃபைலில் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

சிகிச்சைச் செலவுக்கு அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள், அட்டையைத்தான் பலர் வாங்கவே இல்லை. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்கு அவசரத்தில் போயிருந்தால், ‘அவசர நிலை’ என்று டாக்டரின் கடிதமும் அசல் பில்களும் வேண்டும். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு மனு போக வேண்டும். அசலைக் கொடுக்குமுன் நகல் எடுங்கள். அசல் தொலைந்த கதைகள் ஏராளம்.

முதல்வர் நிவாரணத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். 2020-ல் களியக்காவிளையில் கொல்லப்பட்ட சிறப்பு எஸ்.ஐ. குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய், அதே ஆண்டில் வல்லநாட்டுக் காவலர் குடும்பத்துக்கு 50 லட்சம். அது அறிவிப்பு, விதி அல்ல. அதைவிட, சம்பளம் வரும் வங்கிக்குப் போய் உங்கள் கணக்கு ‘போலீஸ் சேலரி பேக்கேஜ்’ என்று பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். விபத்துக் காப்பீடு அதோடு வருவது. சாதாரண சேமிப்புக் கணக்காகவே கிடந்தால், அடிபட்ட பிறகு மாற்றிப் பயனில்லை. இந்த வாரமே போங்கள்.