பஸ்ஸிலிருந்து உண்டியலைப் பிரித்த நகரம்

1960, 70களில் சியோல் நகரப் பேருந்துகளில் கட்டணம் வாங்கியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். விடியற்காலையில் வண்டி ஏறினால் நள்ளிரவில்தான் இறங்குவார்கள். படியில் நின்று கூட்டத்தை உள்ளே தள்ளிவிட்டு, வண்டியின் பக்கத்தில் கையால் தட்டி ‘ஓராய்!’ என்று குரல் கொடுத்தால் ஓட்டுநர் கிளம்புவார். ‘ஆல் ரைட்’ என்பது ஜப்பானியர் வழியாகக் கொரிய வாய்க்கு வந்து அப்படி ஆகிவிட்டது. நம் கண்டக்டர்களின் ‘ரைட், ரைட்’டுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி.

வேலை முடிந்து டிப்போவுக்குத் திரும்பினால் அவர்களுக்குச் சோதனை காத்திருக்கும். வசூலில் காசை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று நிறுவனத்தின் ஆட்கள் அவர்கள் உடம்பைத் தடவிப் பார்த்தார்கள். அவமானம் தாங்காமல் அந்தப் பெண்கள் போராட்டமும் நடத்தினார்கள். டிக்கெட் என்றதும் நாம் இயந்திரத்தையும் அட்டையையும் நினைக்கிறோம். ஆனால் அதன் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான்: பயணி கொடுக்கும் காசு யார் கையில் விழுகிறது, அந்தக் கையை யார் நம்புவது?

சியோல் இதற்குப் படிப்படியாகப் பதில் தேடியது. 1977-ல் டோக்கன் வந்தது. சாலையோரக் கடையில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் காசுக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம். 1980களில் நடத்துநரே இல்லாத பேருந்துகள் பெருகின. ஓட்டுநர் பக்கத்தில் ஓர் உண்டியல், ஏறுகிறவர்கள் அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் பெண் நடத்துநர்கள் மறைந்தே போனார்கள். 1996-ல் பஸ் கார்டு வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் காசு மனிதக் கையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனது. ஆனாலும் நோய் தீரவில்லை. ஏனென்றால் உண்டியல் அப்போதும் அந்தந்த பஸ் நிறுவனத்தின் உண்டியலாகவே இருந்தது.

அது ஏன் சிக்கல்? சியோலின் நகரப் பேருந்துகளை ஓட்டியவை பல தனியார் நிறுவனங்கள். நீங்கள் எந்த வண்டியில் ஏறுகிறீர்களோ, அந்த நிறுவனத்துக்குத்தான் உங்கள் காசு. அப்படியானால் நிறுத்தத்தில் நிற்கும் ஒவ்வொரு பயணியும் ஒரு போட்டிப் பரிசு. முன்னால் போகும் வண்டியை முந்தினால் லாபம். முதியவர் ஏறும்வரை காத்திருந்தால் நஷ்டம். கூட்டமுள்ள சாலையில் பத்து நிறுவனங்களின் வண்டிகள் மொய்க்கும். மேட்டுக் குடியிருப்புகளில் ஆள் கால்கடுக்க நிற்பார்கள். கோயம்புத்தூரில் தனியார் டவுன் பஸ்கள் டைமிங்குக்காகச் சண்டை போடுவதையோ, கொழும்பில் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஓடுவதையோ பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டுநரின் குணக்கேடு என்று நாம் திட்டுவதில் பெரும்பகுதி அவருக்குச் சம்பளம் கணக்கிடப்படும் விதத்தில் இருக்கிறது.

வழித்தடமும் சியோலில் பரம்பரைச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. நகர நிர்வாகத்தால் ஒரு தடத்தை மாற்றுவதே கடினம். 1996-ல், வசூலைக் குறைத்துக் காட்டியதற்காகவும், தடம் மாற்ற அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததற்காகவும் பஸ் முதலாளிகள் சிலர் கைதானார்கள். இதற்கிடையே சுரங்க ரயில் விரிந்தது, கார்கள் பெருகின, பஸ்ஸில் ஏறுவோர் குறைந்தார்கள், நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

2004 ஜூலை 1 அன்று நகரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியது. அப்போதைய மேயர் லீ மியூங் பாக், பின்னாளில் தென்கொரியாவின் அதிபரானவர். வெளியே கண்ணில் பட்டவை நிறங்கள்: நீண்ட தூரத் தடங்களுக்கு நீலம், கிளைத் தடங்களுக்குப் பச்சை, புறநகருக்குச் சிவப்பு, நகர மையத்தைச் சுற்றும் வண்டிக்கு மஞ்சள். எண்களும் மாறின. நீல, பச்சை வண்டிகளில் முதல் இலக்கம் கிளம்பும் பகுதி, இரண்டாவது போய்ச் சேரும் பகுதி. எண்ணைப் பார்த்தாலே வண்டி எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியும்.

ஆனால் உண்மையான மாற்றம் கணக்குப் புத்தகத்தில் நடந்தது. எல்லா பஸ்களின் வசூலும் ஒரே பொதுக் கணக்கில் சேரும். நிறுவனத்துக்குப் பணம், அதன் வண்டிகள் ஓடிய அளவுக்கும் சேவையின் தரத்துக்கும் ஏற்ப அந்தக் கணக்கிலிருந்து வரும். குறைந்தால் நகர நிர்வாகம் ஈடுகட்டும். தடத்தை எங்கே போடுவது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி விடுவது என்பதெல்லாம் இனி நகரத்தின் முடிவு. வண்டியும் ஓட்டுநரும் மட்டும் தனியாருடையவை. இரவு 11 மணிக்கு நான்கு பேரோடு மேட்டுத் தெருவுக்குப் போகும் வண்டிக்கும், காலை நெரிசலில் பிதுங்கி வரும் வண்டிக்கும் ஒரே மாதிரி கணக்கு. பயணிக்காக முண்டியடிக்க வேண்டிய காரணமே போய்விட்டது.

இதற்கு இரண்டு விஷயம் துல்லியமாகத் தெரிய வேண்டும்: ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு ஓடியது, ஒவ்வொரு பயணியும் எங்கே ஏறி எங்கே இறங்கினார். முதலாவதற்கு வண்டியில் ஜிபிஎஸ். இரண்டாவதற்கு டி-மணி என்ற அட்டை.

அந்த அட்டையைத் தட்டும்போது நடப்பது அழகான இயற்பியல். அட்டைக்குள் பேட்டரி இல்லை. ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள், அதோடு இணைந்த சிறு சில்லு, அவ்வளவுதான். பஸ்ஸில் இருக்கும் ரீடருக்குள்ளும் ஒரு சுருள் உண்டு. அதில் ஓடும் மின்னோட்டம் விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவைக்கு மேல் ஊசலாடுகிறது. அதனால் ரீடரைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒரு காந்தப்புலம் துடித்துக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்தார். மின்மாற்றியில் நடப்பதும் அதுதான். அட்டை அருகில் வந்ததும் சில்லு உயிர்பெறுகிறது. கையை எடுத்ததும் அணைந்துவிடும்.

அட்டை பதில் சொல்லும் முறை இன்னும் நுட்பமானது. அது தனியாக அலை எதையும் அனுப்புவதில்லை. ரீடரிடமிருந்து தான் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றுகிறது. கயிற்றின் ஒரு முனையை ஒருவர் பிடித்திருக்க, மறுமுனையில் இருப்பவர் விட்டு விட்டு இழுத்தால் முதலாமவருக்குக் கையில் தெரியும் அல்லவா? அதுபோல ரீடர் தன் சுருளில் உணரும் சிறு சுமை மாற்றங்களையே 0, 1 என்று படிக்கிறது.

அடுத்து, நீ உண்மையான அட்டைதானா என்ற விசாரணை. ரீடர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை அனுப்பும். அட்டை தன் ரகசியச் சாவியால் அதை உருமாற்றித் திருப்பித் தரும். எண் ஒவ்வொரு முறையும் மாறுவதால், யாராவது பதிலைப் பதிவு செய்து வைத்தாலும் அடுத்த முறை அது செல்லாது. சாவி வலுவாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. லண்டனின் பயண அட்டையான ஆய்ஸ்டரில் அப்போது இருந்த மைஃபேர் கிளாசிக் சில்லின் ரகசியச் சாவி 48 பிட் நீளம் மட்டுமே. 2008-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டினார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது யாரும் கவனிக்காத ஒரு சிறு ஏற்பாடு. மனிதர்கள் அவசரக்காரர்கள். மீதித் தொகையை எழுதிக்கொண்டிருக்கும்போதே அட்டையை இழுத்துவிடுவார்கள். அப்போது பாதி எழுதிய கணக்கு என்ன ஆகும்? நல்ல அட்டைகளில் புதிய கணக்கைப் பழையதன் மேல் எழுதாமல் வேறு இடத்தில் எழுதுவார்கள். முழுதும் எழுதி முடித்த பிறகே ‘இனி இதுதான் கணக்கு’ என்று அடையாளம் மாறும். நடுவில் மின்சாரம் போனால் பழைய கணக்கு அப்படியே நிற்கும். பயணியின் காசு ஒரு ரூபாய்கூடக் காற்றில் கரைந்துவிடக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இத்தனையும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும்.

சரி, சியோலின் கட்டணக் கணக்குக்கு வருவோம். அட்டை தொகையை மட்டும் வைத்திருப்பதில்லை. கடைசிப் பயணத்தின் குறிப்பையும் வைத்திருக்கிறது: எந்தத் தடம், எப்போது இறங்கினார், இதுவரை எவ்வளவு தூரம், எவ்வளவு கட்டியிருக்கிறார். சியோலில் இறங்கும்போதும் அட்டையைத் தட்டுவது அதற்காகத்தான். இறங்கி 30 நிமிடத்துக்குள் வேறு தடத்து பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறினால், ரீடர் அந்தக் குறிப்பைப் படித்து, இது புதுப் பயணம் இல்லை, பழையதன் தொடர்ச்சி என்று தெரிந்துகொள்ளும். புதிதாக அடிப்படைக் கட்டணம் பிடிக்காது.

2004-ன் கட்டணப்படி, மாறி ஏறிப் போகிறவருக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 800 வோன். அப்புறம் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 100 வோன். ஒருவர் வீட்டருகே பஸ் ஏறி 4 கிலோமீட்டர், ரயிலில் 8 கிலோமீட்டர், மறுபடி பஸ்ஸில் 2 கிலோமீட்டர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14 கிலோமீட்டர், 900 வோன். தனித்தனியே கட்டினால் மூன்று அடிப்படைக் கட்டணம், 2,400 வோன் ஆகியிருக்கும். நகர ஓரத்தில் வாடகை குறைவு என்று அங்கே குடிபோனவர்தான் அதிகம் மாறி ஏறுகிறவர். பழைய முறை அவரிடம்தான் அதிகம் பிடுங்கியது. என் பார்வையில் இந்தச் சீர்திருத்தத்தின் நியாயம் முழுக்க இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

இறங்கும்போது தட்ட மறந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும், சலுகை போய்விடும். அந்த ஒரு நிபந்தனையே மக்களை வழக்கப்படுத்திவிட்டது. கூடவே நகரத்துக்கு வேறொன்றும் கிடைத்தது: எந்த நேரத்தில் எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்ற முழுப் படம். நம் கண்டக்டர் ‘எங்கே?’ என்று கேட்டு வாங்கும் அதே தகவல்தான் இது.

அந்த 900 வோனை யாருக்கு எவ்வளவு பிரிப்பது? அந்த வேலை டி-மணியை நடத்தும் நிறுவனத்துடையது. அதில் மிகப் பெரிய பங்குதாரர் சியோல் நகர நிர்வாகம். தொழில்நுட்பம் எல்ஜி குழுமத்தின் நிறுவனத்துடையது. தட்டல்களின் பதிவுகள் மையக் கணினிக்குப் போய், முன்பே பேசி வைத்த சூத்திரப்படி ரயிலின் பங்கு ரயிலுக்கும் பஸ்ஸின் பங்கு பொதுக் கணக்குக்கும் பிரியும்.

முதல் நாள் எல்லாம் குளறுபடி. ரீடர்கள் வேலை செய்யவில்லை, காசு வாங்காமலே பல பயணிகளை ஏற்ற வேண்டியதாயிற்று. சாலை நடுவில் பஸ்களுக்கென்று ஒதுக்கிய தடத்தில் வண்டிகள் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக நின்றன. புது எண் புரியாமல் மக்கள் கொதித்தார்கள். சில நாட்களில் மேயர் மன்னிப்புக் கேட்டார். ஒரு கோடி பேர் வாழ்ந்த நகரத்தில் தடம், எண், கட்டணம், அட்டை நான்கையும் ஒரே காலையில் மாற்றியது தேவையற்ற துணிச்சல் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பின்வாங்கவில்லை. கோளாறுகள் சரியான பிறகு பஸ் பயணிகளின் எண்ணிக்கை மீண்டும் ஏறியது, விபத்துகள் குறைந்தன.

விலை இல்லாமல் இல்லை. ஓடும் தூரத்துக்குப் பணம் உறுதி என்றால் நிறுவனத்துக்குச் செலவைக் குறைக்கும் அவசரம் இருக்காது. பெருந்தொற்றில் பயணிகள் குறைந்ததும் ஓட்டை பெரிதானது. 2022-ல் மட்டும் நகரம் பஸ்களுக்குக் கொடுத்த ஈடு 80,000 கோடி வோனைத் தாண்டியது. லாபம் உறுதியான தொழில் என்று முதலீட்டு நிதியங்கள் வந்து பஸ் நிறுவனங்களை வாங்க ஆரம்பித்தன. 2024 அக்டோபரில் சியோல் இந்த ஏற்பாட்டைத் திருத்தப்போவதாக அறிவித்தது. ஆண்டு முடிவில் பற்றாக்குறையை அப்படியே நிரப்பாமல் தொகையை முன்கூட்டியே தீர்மானிப்பது, நிதியங்களின் நுழைவைக் கட்டுப்படுத்துவது என்று. இருபது வருடத்துக்குப் பிறகும் வேலை முடியவில்லை.

சென்னைக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மாநகர பஸ்களின் வசூல் ஏற்கெனவே ஒரே அரசுக் கழகத்துக்குத்தான் போகிறது. சியோல் போராடித் திரட்டிய பொது உண்டியல், பஸ்ஸைப் பொறுத்தவரை இங்கே பல காலமாக இருக்கிறது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கலெக்‌ஷன் பேட்டா என்று வசூலைப் பொறுத்த சிறு தொகை உண்டு என்பதைத் தவிர, பயணிக்காக வண்டிகள் அடித்துக்கொள்ளும் நிலை இல்லை. 2023 ஏப்ரலில் சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவில் அறிமுகமானது. 2025 ஜனவரியில் அதே அட்டை மாநகர பஸ்களுக்கும் வந்தது. சுருள், சில்லு, தட்டினால் பிறக்கும் மின்சாரம் எல்லாம் சியோலில் உள்ளதுதான்.

கிண்டியில் மெட்ரோவை விட்டு இறங்கி வேளச்சேரி பஸ்ஸில் ஏறுகிறவர் இரண்டு இடத்திலும் அந்த ஓர் அட்டையையே நீட்டலாம். ஆனால் மெட்ரோவுக்கு ஒரு கட்டணம், பஸ்ஸுக்குத் தனியாக இன்னொன்று. அவர் முந்தைய வண்டியிலிருந்து எத்தனை நிமிடத்துக்கு முன் இறங்கினார் என்று பஸ்ஸில் இருக்கும் இயந்திரம் கேட்பதில்லை.