ரிங்கை எண்ணிப் பார்க்காமல் காங்கிரீட் போடாதீர்கள்

தீவுத்திடல் பக்கம் போகிறவர்கள் அந்தக் கால மதராஸ் கவர்னர் மன்றோவின் சிலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். ஆனால் சேணம் இல்லை, காலை ஊன்றிக்கொள்ள அங்கவடியும் இல்லை. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி அதைச் செய்ய மறந்துவிட்டார், அந்த அவமானம் தாங்காமல் உயிரையே விட்டார் என்று சென்னையில் ஒரு கதை உண்டு. கதை பொய். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் சிலையிலும் அங்கவடி கிடையாது. இரண்டு சிலையிலும் மறப்பாரா? சிலைக்கு அங்கவடி இல்லாவிட்டாலும் ஓடும். நான் பார்க்கிற பில்லர்களுக்கு ஓடாது.

குதிரைக்காரனின் இந்தச் சின்ன இரும்பு, வேறு பல இடங்களுக்கும் பெயரைக் கொடுத்திருக்கிறது. நம் காதுக்குள் 3 மி.மீ. அளவில், உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பாக ஒன்று இருக்கிறது. அதுவும் அங்கவடி எலும்புதான். பில்லரிலும் பீமிலும் மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் இரும்பு வளையத்துக்கும் அதே பெயர்தான், அங்கவடியின் ஆங்கிலப் பெயர்: ஸ்டிரப். 1892-ல் பிரான்சில் என்னெபிக் என்பவர் காப்புரிமை பெற்ற காங்கிரீட் பீமில், தட்டை இரும்புப் பட்டையை யூ வடிவில் வளைத்து மெயின் கம்பியை ஏந்தும்படி வைத்தார். பார்க்க அங்கவடி மாதிரியே இருந்தது. நம் ஊர் சைட்டில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. ஒரே வார்த்தை: ரிங்.

வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் எல்லாம் மெயின் கம்பியைப் பற்றித்தான். 16 மி.மீ. போடலாமா, 20 போடலாமா, எந்த கம்பெனி கம்பி நல்லது? ரிங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மேஸ்திரி ஆறு இன்ச்சுக்கு ஒன்று என்று ஆரம்பித்து, மேலே போகப் போக ஏழு, எட்டு என்று போனாலும் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

ரிங் செய்யும் வேலை என்ன? பில்லர்மேல் பாரம் இறங்கும்போது காங்கிரீட் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும், நிற்கும் கம்பிகள் வெளியே வளையப் பார்க்கும். கரும்புக் கட்டைக் கயிறு இறுக்கிப் பிடித்திருப்பதுபோல ரிங் இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது. பீமில் அதன் வேலை வேறு. தாங்கும் இடத்துக்கு அருகே சாய்வாக விழும் விரிசலைக் குறுக்கே தைத்து நிறுத்துவது. அதனால்தான் பீமின் இரண்டு முனையிலும் ரிங் நெருக்கமாக வருகிறது, நடுவில் இடைவெளி கூடுகிறது. முழு நீளத்துக்கும் ஒரே இடைவெளியில் கட்டியிருந்தால், டிராயிங்கை யாரும் பிரித்தே பார்க்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது கொக்கி விஷயம். சைட்டில் கம்பி வளைப்பவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஆணி அடித்த பலகையில் 8 மி.மீ. கம்பியை வைத்து நான்கு மூலையும் மடக்கி, கடைசியில் இரண்டு முனையையும் உள்பக்கம் திருப்புவார். அந்த முனைகள் மூலைக் கம்பியைச் சுற்றி 135 பாகை திரும்பி, பில்லரின் வயிற்றுக்குள் சாய்வாக நுழைய வேண்டும். வளைவுக்குப் பிறகு குறைந்தது 65 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். நிலநடுக்கத்தைத் தாங்கக் காங்கிரீட் கட்டடத்தில் கம்பி எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 13920 கேட்பது இது. பெரும்பாலான இடங்களில் முனை 90 பாகையில், எல் மாதிரி நின்றுவிடுகிறது. காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. 90 பாகை என்றால் நிற்கிற கம்பியில் பக்கவாட்டிலிருந்தே ரிங்கை மாட்டிவிடலாம். முழுதாக மடக்கிய ரிங்கை மேலிருந்துதான் இறக்க வேண்டும், அல்லது மாட்டிய பிறகு மடக்க வேண்டும். கை வலிக்கிற வேலை. கூலியும் அதற்கென்று தனியாக யாரும் தருவதில்லை.

மடிப்பாக்கம் பக்கம் ஒரு சைட்டில் இதைச் சொன்னபோது மேஸ்திரி சிரித்தார். "சார், எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான் கட்டுறோம். எது சார் விழுந்துச்சு?" நியாயமான கேள்விதான். விழவில்லை, ஏனென்றால் சாதாரண நாளில் 90 பாகை கொக்கிக்குச் சோதனையே வருவதில்லை. பில்லரைச் சுற்றியுள்ள காங்கிரீட் தோல்தான் அந்த முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிலநடுக்கத்தில் முதலில் உதிர்வது அந்தத் தோல். அது போனதும் கொக்கி அவிழும், ரிங் திறக்கும், உள்ளே இருக்கும் காங்கிரீட் நொறுங்கிக் கொட்டும். 135 பாகை கொக்கியின் முனை நடுப்பகுதிக்குள் புதைந்திருப்பதால் தோல் போனாலும் விடாது.

கதையாகச் சொல்லவில்லை. 1971 பிப்ரவரி 9 அன்று கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில், திறந்து சில மாதங்களே ஆகியிருந்த ஆலிவ் வியூ மருத்துவமனை சிதைந்தது. ஒரே கட்டடம், ஒரே குலுக்கல். இடைவெளி விட்டு ரிங் கட்டிய பில்லர்கள் நொறுங்கின. சுருள்போல நெருக்கமாகக் கம்பி சுற்றிய பில்லர்கள் தோல் உதிர்ந்து, சாய்ந்து, ஆனாலும் பாரத்தைத் தாங்கி நின்றன. இன்றைக்கு உலகம் முழுக்க ரிங் விதிகள் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அந்தப் பில்லர்களும் ஒரு காரணம்.

சென்னைக்கு நிலநடுக்கமா என்று கேட்பீர்கள். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த நடுக்கத்தில் இங்கே ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தது பலருக்கு நினைவிருக்கும். நாட்டை நிலநடுக்க ஆபத்துப்படி மண்டலங்களாகப் பிரிக்கும் ஐ.எஸ். 1893 விதி, 2002-ல் திருத்தியபோது, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. அதே 2001 ஜனவரியில் குஜராத்தின் பூஜ் பக்கம் பூமி ஆடியபோது, 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழே கார் நிறுத்தத் திறந்துவிட்டு வெறும் பில்லர்மேல் நின்றவை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எங்கும் இப்போது நாம் கட்டுவது அதே ஸ்டில்ட் வீடுகளைத்தான். மேலே சுவர், கீழே வெறும் கால்.

செலவு எவ்வளவு கூடும்? ஒரு அடிக்கு ஒரு அடி, அதாவது 300 மி.மீ. சதுரப் பில்லர், 16 மி.மீ. கம்பிகள் என்று வையுங்கள். அடியிலும் உச்சியிலும் 450 மி.மீ. உயரத்துக்கு ரிங் 75 மி.மீ. இடைவெளியில் வர வேண்டும், நடுவில் 150 போதும். எல்லா இடத்திலும் ஆறு இன்ச் என்று கட்டுவதோடு ஒப்பிட்டால் ஒரு மாடிக்கு ஒரு பில்லருக்கு ஆறு ரிங் அதிகம், எடை இரண்டரை கிலோ. பீமும் பில்லரும் சந்திக்கும் முடிச்சுக்குள்ளும் ரிங் போட்டால் இன்னும் இரண்டு கிலோ. அந்த முடிச்சில்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், கை நுழையாது என்பதற்காக. முன்வாசல் டைல்ஸில் மனம் நிறையாமல் மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டுக்காரர், இந்த நாலரை கிலோவுக்குக் கணக்குப் பார்க்கிறார். (ஒன்பது இன்ச் பில்லரே 2016 ஐ.எஸ். 13920-க்குப் பொருந்தாது, குறைந்தது 300 மி.மீ. வேண்டும் என்பது தனிச் சண்டை.)

கடற்கரை ஓரத்தில் இன்னொரு தொல்லை. ரிங்தான் வெளியே இருக்கிற முதல் கம்பி, அதனால் உப்புக் காற்று முதலில் தின்பதும் அதைத்தான். 8 மி.மீ. கம்பியில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் துரு தின்றால் இரும்பில் 44 சதவீதம் போய்விடும். அதே ஒரு மில்லிமீட்டர் 20 மி.மீ. மெயின் கம்பியில் 19 சதவீதம்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் பழைய அபார்ட்மெண்ட் பில்லர்களில் சீரான இடைவெளியில் குறுக்குக் கோடுகளாகப் பழுப்புக் கறை தெரிந்தால், ரிங் துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து மூடாதீர்கள். கடற்காற்று படும் காங்கிரீட்டுக்கு, பொதுவான காங்கிரீட் விதியான ஐ.எஸ். 456 கேட்கும் கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட்டின் கனம், 45 மி.மீ., ரிங்கின் வெளிப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். இந்த இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக்கை மெயின் கம்பியில் கட்டினால் ரிங் அளவுக்கு அது குறைந்துவிடும்.

ஆகவே, சென்ட்ரிங் பலகை மூடுவதற்கு முந்தின நாள் ஒரு டேப்போடு போங்கள். பில்லரின் அடியில் ரிங்கை எண்ணுங்கள். இரண்டு மூன்று கொக்கிக்குள் விரலை விட்டுப் பாருங்கள், முனை உள்ளே சாய்கிறதா, பக்கவாட்டில் நிற்கிறதா. எல்லாக் கொக்கியும் ஒரே மூலையில் வராமல் மாறி மாறி வருகிறதா என்று பாருங்கள். ரெடிமேட் ரிங் வாங்கினாலும் கொக்கியைப் பார்த்தே வாங்குங்கள். ஒவ்வொரு பில்லரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிச்சுகளை மட்டும் தனியாக. காங்கிரீட் போட்ட பிறகு என்னைக் கூப்பிட்டால் ஸ்கேனர் வைத்து ரிங் இடைவெளி சொல்ல முடியும். கொக்கி எப்படி மடங்கியிருக்கிறது என்று அது காட்டாது. அதற்கு உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.