இடித்துக் கட்டும் ஈயம், குடிவந்து போகும் லித்தியம்

அடிலெய்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பழைய கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறார், அதில் ஈய பேட்டரியில் ஒரு வகையான ஏஜிஎம், 100 ஆம்பியர்-மணி, இரண்டு இருக்கின்றன. ஆகஸ்டில் மனைவி, சின்னப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா எல்லோருமாக நல்லார்பர் சமவெளியைக் கடந்து பெர்த் போகிறார்கள். கரண்ட் இல்லாத இடங்களில்தான் பாதி இரவுகள். பேட்டரிக் கடைக்காரர் லித்தியத்துக்கு மாறச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் லித்தியம் தீப்பிடிக்கும் என்கிறார். அம்மாவுக்குக் காலையில் சட்னி அரைக்க மிக்சி ஓட வேண்டும். எதை வாங்குவது?

உங்கள் பயணத்துக்கு லித்தியம்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் லித்தியம் வாங்குகிறவர் அதையும் ஈயம் மாதிரியே பழக்குவார், காசும் போகும் பேட்டரியும் போகும். அதனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

ஈய பேட்டரி உங்களுக்குப் பள்ளியில் வந்திருக்கும். பிரான்சில் காஸ்டன் பிளான்டே 1859-இல் செய்தது. ஒரு தகட்டில் ஈயம், இன்னொன்றில் ஈய டை ஆக்சைடு, நடுவே கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழையபடி. ஒரு அறைக்கு, அதாவது செல்லுக்கு, 2 வோல்ட்டுக்குச் சற்று மேல், ஆறு அறை சேர்ந்து 12 வோல்ட் பேட்டரி. ஏஜிஎம் என்பதும் இதே ஈய பேட்டரிதான், அமிலம் மட்டும் தளும்பிக்கொண்டிருக்காமல் நுண்ணிய கண்ணாடி இழைப் பாயில் ஊறிக் கிடக்கும். பாய் முழுக்க நனைந்திருக்காது, இடையில் காற்றுக்கு வழி விட்டிருப்பார்கள். சார்ஜ் ஏறும்போது ஒரு தகட்டில் கிளம்பும் ஆக்சிஜன் அந்த வழியாகவே எதிர்த் தகட்டுக்குப் போய் மறுபடியும் தண்ணீராகிவிடுகிறது. அதனால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாய்த்தும் வைக்கலாம், கரடுமுரடான மண் சாலையில் குலுங்கினாலும் சிந்தாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈய பேட்டரியில் ஒவ்வொரு முறை சார்ஜ் இறங்கும்போதும் தகட்டின் பொருளே வேறு பொருளாகிறது. ஈயம் கரைந்து, சல்பேட் படிகமாக வேறு இடத்தில் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அந்தப் படிகம் கரைந்து மறுபடி ஈயமாகப் படிய வேண்டும். அதாவது தினமும் வீட்டை இடித்து, அதே செங்கல்லைக் கொண்டு தினமும் கட்டுகிற வேலை. எவ்வளவு நல்ல கொத்தனாராக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செங்கல் உடையும், சுவர் கொஞ்சம் கோணும். இடிப்பது பாதியோடு நின்றால் வீடு சில நூறு தடவை தாங்கும், அடிவரை இடித்தால் சீக்கிரமே முடிந்துவிடும். ஏஜிஎம்மில் பாதிக்கு மேல் இறக்காதே என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான். 200 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் உங்கள் ஜோடியில் நீங்கள் நிம்மதியாக எடுக்கக்கூடியது 100.

இடித்த வீட்டை அப்படியே போட்டுவைத்தால் இன்னும் மோசம். சிறு சிறு சல்பேட் படிகங்கள் நாள்பட ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி இறுகிவிடும், அப்புறம் எந்த சார்ஜருக்கும் எளிதில் கரையாது. நானே இப்படி ஒரு ஏஜிஎம்மை இழந்திருக்கிறேன். ஈஸ்டர் விடுமுறை முடிந்து வந்து பாதி சார்ஜில் கேரவனை நிறுத்திவிட்டு, மெல்பர்ன் குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. செப்டம்பரில் பார்த்தால் சார்ஜர் நிரம்பிவிட்டது என்கிறது, ஃபிரிட்ஜோ இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது.

இன்னொன்று, அமிலமே இங்கே வினையில் பங்கேற்கிறது. தகட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் அமிலம் தீர்ந்தால் வெளியிலிருந்து ஊறி வர வேண்டும். மெதுவாக மின்சாரம் எடுத்தால் ஊறி வர நேரம் இருக்கும், அவசரமாக எடுத்தால் இருக்காது. ஜெர்மானியர் வில்ஹெல்ம் பாய்க்கர்ட் 1897-லேயே இதை அளந்து கணக்காக எழுதிவைத்தார். பேட்டரி மேல் போட்டிருக்கும் 100 ஆம்பியர்-மணி என்பது வழக்கமாக 20 மணி நேரத்தில், 5 ஆம்பியராக மெதுவாக எடுத்தால் கிடைப்பது. ஒரே மணி நேரத்தில் காலி செய்தால் அறுபது கிடைத்தாலே பெரிது. உங்கள் அம்மாவின் மிக்சி 600 வாட் என்றால், இன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்து 12 வோல்ட் பக்கம் 55 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். பாதி இறங்கிய, கொஞ்சம் வயதான ஏஜிஎம் அந்த நொடியில் வோல்ட்டேஜைத் தொங்கப்போட்டுவிடும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று இன்வெர்ட்டர் நினைத்துக் கீச்சென்று கத்தி நிற்கும். தேங்காய் பாதி அரைபட்டுக் கிடக்கும்.

சரி, லித்தியத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

கேரவனுக்கு விற்கும் லித்தியம் பேட்டரி என்பது அநேகமாக எப்போதும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஒரு பக்கம் இந்த இரும்பு பாஸ்பேட், மறுபக்கம் கிராஃபைட், அதாவது பென்சில் முனைக் கரி. லித்தியம் அயனி இரண்டுக்கும் நடுவே போய்வருகிறது, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் திரவம் வினையில் செலவாவதில்லை, அது வெறும் பாதை. இரும்பு பாஸ்பேட்டின் படிகம் ஒரு கட்டிடம் மாதிரி அப்படியே நிற்கிறது, அதற்குள் நீளநீளமான சுரங்கங்கள், அவற்றின் வழியே லித்தியம் குடிவருகிறது, குடிபோகிறது. இங்கே யாரும் வீட்டை இடிப்பதில்லை. எல்லாக் குடித்தனமும் காலி செய்தாலும் கட்டிடம் ஏழு சதவீதம் அளவுக்குத்தான் சுருங்குகிறது. சில ஆயிரம் தடவை ஏற்றி இறக்கினாலும் அது தாங்குவதற்கு இதுவே காரணம்.

இதில் என்னை இன்றைக்கும் வியக்கவைப்பது காலியாகும் விதம். படிகத்திலிருந்து லித்தியம் வெளியேறும்போது எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை. லித்தியம் நிறைந்த பகுதி ஒன்று, லித்தியமே இல்லாத பகுதி ஒன்று என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. காலிப் பகுதி வளர வளர நிறைந்த பகுதி சுருங்குகிறது, பாதி நிறைந்த நிலை என்று ஏறக்குறைய எதுவும் கிடையாது. ஒரு டம்ளரில் பனிக்கட்டியும் தண்ணீரும் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். எவ்வளவு பனிக்கட்டி உருகியிருக்கிறது என்பது பற்றிக் கவலையே இல்லாமல், கடைசித் துண்டு கரையும்வரை தெர்மாமீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கும். அதே கதைதான் இங்கேயும், தெர்மாமீட்டருக்குப் பதில் வோல்ட்மீட்டர். இரண்டு பகுதிகளும் கூடவே இருக்கும்வரை வோல்ட்டேஜ் நகராது. நான்கு அறை கொண்ட பேட்டரி பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே நின்று, கடைசியில்தான் சட்டென்று விழுகிறது. பேட்டரி கால்வாசிக்கு வந்த பிறகும் மிக்சி முழு வேகத்தில் ஓடும்.

இந்த நல்ல குணத்துக்கு ஒரு விலையும் உண்டு, பலர் ஏமாறுவது இங்கேதான். பனிக்கட்டி எவ்வளவு மிச்சம் என்று தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது அல்லவா, அதேபோல் லித்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்று வோல்ட்மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்ததையும் எண்ணிக் கணக்கு வைக்கும் ஷன்ட் வைத்த மீட்டர் ஒன்று கட்டாயம் போடுங்கள்.

இரும்பு போன்ற மலிவான உலோகத்திலிருந்து இவ்வளவு வோல்ட்டேஜ் கிடைப்பது எப்படி என்பது அடுத்த வியப்பு, இதில் நம் ஊர்க்காரர் ஒருவரின் கை இருக்கிறது. தென்தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம் 1980-களில் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியின் முன்னோடி ஜான் குட்எனஃபின் குழுவில் சேர்ந்தார். இருவரும் ஒரே மாதிரி அமைப்புள்ள இரும்புச் சேர்மங்களை எடுத்து, இரும்பைத் தொடாமல் கூட இருக்கும் துணையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். மாலிப்டேட், டங்ஸ்டேட் துணையாக இருந்தபோது லித்தியத்துக்கு எதிரே 3 வோல்ட். சல்பேட் துணையாக வந்ததும் அதே இரும்பு 3.6 வோல்ட் கொடுத்தது. காரணம் இதுதான்: நடுவில் இருக்கும் ஆக்சிஜனை ஒரு பக்கம் இரும்பும் மறுபக்கம் கந்தகமும் பிடித்திருக்கின்றன, கந்தகம் தன் பக்கம் பலமாக இழுக்கும்போது இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிடி தளர்கிறது. அதனால் இரும்பில் எலக்ட்ரான் போய் உட்காரும் இடம் இன்னும் கீழே இறங்குகிறது. அருவி விழும் பள்ளம் ஆழமானால் விழும் தண்ணீருக்கு வேகம் கூடுவதுபோல வோல்ட்டேஜ் கூடுகிறது. அதே குழுவில் அக்ஷய பாதி (Padhi) என்பவரும் நஞ்சுண்டசாமியும் குட்எனஃபுடன் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் கந்தகத்தின் இடத்தில் பாஸ்பரஸ் வந்தது, 3.4 வோல்ட். குட்எனஃபுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்.

1987-இல் இரும்பு சல்பேட்டை ஆராய்ந்தவர்களிடம் இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் கேரவனில் சட்னி அரைக்க உதவும் என்று அவர்கள் சொல்லியிருக்க முடியாது. இரண்டே ஆண்டில் விற்கக்கூடிய பொருளைக் காட்டினால்தான் நிதி என்று ஆராய்ச்சியாளர்களை நெருக்குகிற அரசுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, இந்தியாவானாலும் ஆஸ்திரேலியாவானாலும்.

பக்கத்து வீட்டுக்காரரின் பயத்துக்கும் இதே பாஸ்பரஸ்தான் பதில். போனிலும் மடிக்கணினியிலும் பழகிய கோபால்ட் ஆக்சைடு வகை அதிகம் சூடானால் ஆக்சிஜனை வெளியே விடும், உள்ளே எரியக்கூடிய திரவம் இருக்கிறது, தீக்கு வேண்டியதெல்லாம் ஒரே பெட்டிக்குள் கிடைத்துவிடும். இரும்பு பாஸ்பேட்டில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் விடாப்பிடியாகப் பிடித்திருப்பதால் அது எளிதில் கழன்று வராது. அதற்காக அபாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், திரவம் திரவம்தான், மட்டமான தயாரிப்பு எங்கும் உண்டு. 2022-இல் வந்த ஆஸ்திரேலிய-நியூசிலாந்து கேரவன் மின்தர விதி லித்தியம் பேட்டரியை ஆட்கள் படுக்கும் இடத்திலிருந்து அடைத்துப் பிரித்து வைக்கச் சொல்கிறது. உங்கள் பழைய பேட்டரி கட்டிலுக்கடியில் இருந்தால் லித்தியத்தை அதே இடத்தில் அப்படியே இறக்கிவைக்காதீர்கள், உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் கணக்கு. குளிர்காலத்தில் ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு 40 ஆம்பியர்-மணி, விளக்கு, தண்ணீர்ப் பம்பு, போன் எல்லாம் 10, இரவில் டீசல் ஹீட்டரின் விசிறிக்கு 15, மிக்சிக்கு ஐந்து. மொத்தம் 70. கூரையில் 200 வாட் பேனல் படுத்த வாக்கில் இருந்தால் ஆகஸ்ட் வெயிலில் 40 கிடைத்தால் நல்லது. ஏஜிஎம்மில் இன்னொரு தொல்லை, கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கில் ஆகும், அது ஏறத் தொடங்கும் நேரத்தில் சூரியன் சாய்ந்துவிடும். தினமும் முழுதாக நிரம்பாமலே ஓடும் ஏஜிஎம் தினமும் கொஞ்சம் சல்பேட் சேர்த்துக்கொள்ளும். லித்தியம் அரைகுறையாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாது, வருகிற ஆம்பியரையெல்லாம் ஏறக்குறைய கடைசிவரை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

அந்த ஆசையாலேயே ஒரு ஜாக்கிரதை. கார் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரே ஒயர் இழுத்தால் லித்தியம் கிடைக்கிற மட்டும் இழுத்து ஆல்டர்னேட்டரைக் காய்ச்சிவிடும். நடுவில் அந்த இழுப்பை அளவோடு நிறுத்தும் 25 அல்லது 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். பழைய சுவர் சார்ஜரில் லித்தியம் என்ற அமைப்பு இல்லையென்றால் அதையும் மாற்ற வேண்டும். செலவைக் கூட்டும்போது இவற்றையும் சேருங்கள். எடையில் லாபம் உண்டு: இப்போதைய ஜோடி 60 கிலோ இருக்கும், அதற்குச் சமமாக உழைக்கும் 120 ஆம்பியர்-மணி லித்தியம் 15 கிலோவைத் தாண்டாது. மிச்சத்துக்கு 40 லிட்டர் தண்ணீர் கூடுதலாக எடுத்துப்போகலாம், அந்தச் சாலையில் அதன் மதிப்பு தெரியும்.

வருடத்துக்கு இரண்டு தடவை, கரண்ட் உள்ள கேரவன் பார்க்கில் மட்டும் தங்குகிற குடும்பமாக இருந்தால் ஏஜிஎம்மே போதும் என்று சொல்லியிருப்பேன். சார்ஜர், ஒயர் எதையும் தொட வேண்டாம், உறைபனியிலும் சார்ஜ் ஏறும்.

உறைபனி என்றதும் ஆகஸ்ட் நல்லார்பர் ஞாபகம் வருகிறது. பாலைவனம்தானே என்று நினைக்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 7.2 டிகிரி, உங்கள் வழியிலிருந்து அதிகத் தூரமில்லாத ஏர் பறவை ஆய்வகத்தில் 2008 ஆகஸ்டில் பதிவானது. பூஜ்யத்துக்குக் கீழே கிராஃபைட் அடுக்குகளுக்குள் லித்தியம் நுழைவது மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் சார்ஜைத் திணித்தால் வாசலில் கூட்டம் சேர்ந்து, உள்ளே போகாமல் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது திரும்ப வராத இழப்பு, முள்முள்ளாக வளர்ந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகவும் கூடும். மின்சாரம் எடுப்பதில் சிக்கல் இல்லை, ஏற்றுவதில்தான். நல்ல பேட்டரியின் உள்ளே அதைக் காவல் காக்கும் மின்னணுச் சுற்றான பிஎம்எஸ் குளிரில் சார்ஜைத் தானே நிறுத்திவிடும். வாங்கும் முன் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். இருந்தால், காலையில் வெயில் வந்தும் சோலார் ஏறவில்லையே என்று பதற வேண்டாம், ஒன்பது, பத்து மணிக்குத் தானாகத் தொடங்கும்.

திரும்பி வந்து கேரவனை நிறுத்தும்போது பழைய பழக்கத்தை விடுங்கள். ஈயத்தை முழுதாக நிரப்பி வைக்க வேண்டும், லித்தியத்தைப் பாதியில் விட்டு எல்லா இணைப்பையும் கழற்றி வைக்க வேண்டும். கழற்றிய பேட்டரியைச் சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று உங்கள் அம்மா பலகை தேடுவார், என் அப்பாவும் டிராக்டர் பேட்டரிக்குப் பலகை போட்டவர்தான். மரப்பெட்டியிலும் ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்தில் ஈரத்தால் கசிவு இருந்தது, இப்போது பிளாஸ்டிக் பெட்டி, தரையிலேயே வைக்கலாம். பழைய ஏஜிஎம் இரண்டையும் குப்பையில் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள், அந்த ஈயம் உருக்கப்பட்டு இன்னொரு பேட்டரியாகும்.