சொல் விளக்கம்: டார்க் மோட், அதுவும் தளவாரியாக

வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து என்பது திரையின் வழக்கமான கோலம். அதைப் புரட்டி, கரிய பின்னணியில் வெளிர் எழுத்தைக் காட்டினால் டார்க் மோட். பொருள் இவ்வளவுதான். ஆனால் உலாவியில் ஒரு தளத்துக்கு மட்டும் அதை வைத்து, இன்னொன்றுக்கு எடுக்கப் பார்த்தால், ஒரே பெயருக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருப்பது தெரியும்.

பெயர் புதிது, கோலம் பழையது. பழைய கணினி முனையங்களில், அதாவது பெரிய கணினியோடு இணைத்த திரை-விசைப்பலகைகளில், கறுப்புத் திரையில் பச்சை அல்லது மஞ்சள் எழுத்துதான் ஒளிர்ந்தது. 1978இல் வந்த விடி100 முனையத்தில் பின்னணியை வெளிராகவோ கருமையாகவோ மாற்றிக்கொள்ள ஓர் அமைப்பே இருந்தது. அதை அன்று யாரும் டார்க் மோட் என்று விளம்பரப்படுத்தவில்லை. திரையும் காகிதம் போல வெள்ளையாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் 1973இன் ஜெராக்ஸ் ஆல்ட்டோ கணினியில் தொடங்கி, 1984இல் ஆப்பிளின் மக்கின்டாஷ் வழியாக வீடுகளுக்குள் வந்தது. நிரல் எழுதுபவர்கள் மட்டும் கறுப்புத் திரையை விடவில்லை. 2018இல் ஆப்பிள் கணினிகளின் இயங்குதளமான மேக் ஓஎஸ் மொஹாவே, டார்க் மோட் என்ற பெயரிலேயே கணினி முழுவதற்கும் இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 இரண்டிலும் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு வைத்த பெயர் டார்க் தீம்.

'மோட்' என்ற பாதிதான் சிக்கல். லத்தீனில் மோடுஸ் என்றால் அளவு, விதம். கணினியில் மோட் என்பது, ஒரே விசை வேறு வேறு வேலை செய்யும் நிலை. நிரலர்கள் பயன்படுத்தும் விஐ என்ற உரைத் திருத்தியில் ஒரு நிலையில் எக்ஸ் விசையைத் தட்டினால் எழுத்து விழும், இன்னொரு நிலையில் எழுத்து அழியும். டார்க் மோடில் எந்த விசையின் வேலையும் மாறுவதில்லை, நிறம்தான் மாறுகிறது. அதனால் 'இருள் பயன்முறை' என்ற பரவலான மொழிபெயர்ப்பு, மூலச்சொல்லின் பிழையையும் சேர்த்தே தூக்கி வருகிறது. 'இரவு முறை' இன்னும் மோசம். மாலையில் திரையை மஞ்சளாக்கி நீல ஒளியைக் குறைக்கும் வசதி வேறொன்று, அந்தப் பெயர் அதற்குத்தான் பொருந்தும். 'கறுப்புத் தோற்றம்' என்றும் சொல்லலாம். ஆனால் பல தளங்களில் பின்னணி முழுக் கறுப்பாக இருப்பதில்லை, அடர் சாம்பலாகவோ கருநீலமாகவோ இருக்கும். என் தேர்வு 'இருள் தோற்றம்'. ஆப்பிளின் அமைப்புகளிலும் ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகளிலும் இந்த விருப்பம் 'தோற்றம்' என்ற பொருள் தரும் தலைப்பின் கீழ்தான் இருக்கிறது.

சரி, தளவாரி? 'வாரி' பாரசீகத்திலிருந்து வந்த ஒட்டு. ஒவ்வொரு குடியானவரிடமும் தனித்தனியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ காலத்தில் வேரூன்றியது. மாவட்டவாரி, வார்டுவாரி என்று இன்றும் எழுதுகிறோம். தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் 'தளந்தோறும்' இருக்கிறது. ஆனால் அதில் 'எல்லாத் தளத்திலும்' என்ற பொருள் தட்டுகிறது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஆகவே தளவாரி இருள் தோற்றம்.

இனி அந்த மூன்று வேலைகள். முதலாவது, தளமே இரண்டு நிறத் தொகுப்புகளைத் தைத்து வைத்திருப்பது. பயனருக்கு எது விருப்பம் என்று உலாவி சொல்ல, தளம் அதற்கேற்ற உடையைப் போட்டுக்கொள்ளும். இதற்கு, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் உள்ள வசதியின் பெயர் பிரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம். 2019இல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் அடுத்தடுத்து வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் தானியங்கி, வெளிர், இருள் என்று தேர்ந்தெடுப்பது இந்தச் செய்தியைத்தான் மாற்றுகிறது. எல்லாத் தளங்களுக்கும் ஒரே செய்திதான் போகும். இருள் உடை தைக்காத தளம் அதைக் காதில் வாங்காது.

இரண்டாவது, தளத்துக்குள்ளேயே இருக்கும் பொத்தான். விக்கிப்பீடியாவில் 2024 முதல் இது இருக்கிறது. இது பிறவியிலேயே தளவாரி. தேர்வு பெரும்பாலும் உலாவியில் சேமிக்கப்படுவதால், குக்கீகளையும் தளத் தரவையும் துடைத்தால் தேர்வும் போய்விடலாம்.

மூன்றாவது, வலுக்கட்டாயம். தளம் கேட்காவிட்டாலும் உலாவியோ, அதில் நாம் சேர்க்கும் சிறு நிரலான நீட்சியோ நிறங்களைத் தானே மாற்றிவிடும். குரோமின் சோதனை வசதிகளில் இப்படி ஒன்று உண்டு. பக்கத்தை அப்படியே தலைகீழாக்கினால் புகைப்படங்களில் முகமெல்லாம் நெகட்டிவ் பிலிம் ஆகிவிடும், அதனால் படங்களை மட்டும் மறுபடி புரட்ட வேண்டும். நல்ல நீட்சிகள் ஒவ்வொரு நிறத்தையும் தனியாக ஆராய்ந்து மாற்றுகின்றன. கனமான பக்கங்களில் அதற்கு நேரமாகும். வரைபடம், விரிதாள், நிறத்தைப் பார்த்துத் துணி வாங்கும் கடைத்தளம் எல்லாம் இதில் கெட்டுப்போகும். தளவாரிக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டியது இங்கேதான்.

டார்க் ரீடர் என்ற திறமூல நீட்சி இதை நன்றாகவே செய்கிறது. அதன் சிறு சாளரத்தைத் திறந்தால் நீங்கள் இருக்கும் தளத்தின் பெயர் தெரியும், அதைத் தட்டினால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணையும். ஆல்ட்-ஷிஃப்ட்-ஏ அழுத்தினாலும் அதே வேலை. ஒளிர்வு, மாறுபாடு ஆகியவற்றையும் தளத்துக்குத் தளம் வேறாக வைக்கலாம். தளத்திடம் சொந்த இருள் உடை இருந்தால் கண்டுபிடித்து ஒதுங்கிக்கொள்ளும் விருப்பமும் உண்டு. அதை இயக்கி வைப்பது நல்லது, தைத்த உடைக்கு மேல் இன்னொன்றைப் போர்த்தத் தேவையில்லை.

அதன் பட்டியலை இரண்டு விதமாக வைக்கலாம். எல்லாத் தளமும் இருள், பட்டியலில் உள்ளவை மட்டும் வெளிர் என்பது விலக்குப் பட்டியல். பட்டியலில் உள்ளவை மட்டும் இருள் என்பது சேர்ப்புப் பட்டியல். கண்கூச்சத்துக்காகப் பகலிலும் இருளில் படிப்பவருக்கு முதலாவது. அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறை உள்ள சிலருக்குக் கரிய பின்னணியில் வெள்ளை எழுத்து கசிந்து தெரியும். அவர்களும், இரவில் செய்தி படிக்க நாலைந்து தளத்துக்கு மட்டும் இது போதும் என்பவரும் இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம்.