தீசானும் வலிப்பு மாத்திரையும்

மொரீஷியசின் தலைநகர் போர்ட் லூயியின் மத்தியச் சந்தையில், தீசான் எனப்படும் மூலிகைக் கஷாயத்துக்கான சரக்கு விற்கும் கடைகளின் முன்னே சற்று நின்றால், காய்ந்த தழைகளும் வேர்களும் பொட்டலங்களாகிக் கைமாறுவதைக் காணலாம். சர்க்கரை, மூட்டுவலி, தூக்கமின்மை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டலம் இருக்கையில், வலிப்புக்கு மாத்திரை உண்ணும் பிள்ளையின் தாய் "நரம்புக்கு ஏதேனும் உண்டா?" என்று கேட்பதில் வியப்பில்லை. மாத்திரையோடு கஷாயமும் சேர்ந்தால் நன்மை இரட்டிப்பாகும் என்பது அவர் கணக்கு. உடலுக்குள் கூட்டல் அவ்வளவு நேராக நடப்பதில்லை.

மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறி ஒரே நேரத்தில் மின்துடிப்புகளை வெளியிடுவதே வலிப்பு. ஃபெனிட்டோயின், கார்பமசெபின் போன்ற மருந்துகள் அவ்வணுக்களின் சோடியம் வாயில்களைத் தடுத்து அதனை அடக்குகின்றன. ஃபெனிட்டோயின் குருதியில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருப்பதே வழக்கமான வரம்பு. குறைந்தால் வலிப்பு திரும்பலாம், மிகுந்தால் கருவிழிகள் துடிக்கும், நடை தள்ளாடும். இந்த அளவை விழுங்கும் மாத்திரை மட்டுமன்றி, அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளும் தீர்மானிக்கின்றன. ஃபெனிட்டோயினைச் சிதைக்கும் நொதிகளுக்கு விரைவிலேயே கைநிறைய வேலை சேர்ந்துவிடுவதால், அதன்பின் மருந்து சிறிது கூடினாலும் குருதி அளவு தாவி ஏறும்.

மூலிகை குறுக்கிடுவது பெரும்பாலும் இங்கேதான். மிளகிலுள்ள பைப்பரின் ஃபெனிட்டோயினின் குருதி அளவை உயர்த்துவது நோயாளிகளிடமே காணப்பட்டுள்ளது. காவடிக்குப் பின் ஏழு கறியோடு எப்போதோ குடிக்கும் ரசத்தைவிட, நாள்தோறும் விழுங்கும் திரிகடுகச் சூரணமே என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது. பம்பளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட்டின் சாறு, குடல் சுவரிலுள்ள நொதியை முடக்கிக் கார்பமசெபினின் அளவைக் கூட்டுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்ததொன்று இன்னும் வியப்பானது. சங்குபுஷ்பி கலந்த ஆயுர்வேத மருந்தொன்றை ஃபெனிட்டோயினோடு உண்ட இரு நோயாளிகளுக்கு, அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் வந்தது. குருதியில் ஃபெனிட்டோயினும் குறைந்திருந்தது. 1992இல் வெளியான அந்த ஆய்வில், எலிகளுக்குத் தனியே கொடுக்கப்பட்டபோது அம்மருந்துக்கே வலிப்பை அடக்கும் ஆற்றல் ஓரளவு இருந்தது. ஆயினும் ஃபெனிட்டோயினோடு ஒரே ஒரு வேளை சேர்ந்தபோது, குருதி அளவு மாறாமலேயே ஃபெனிட்டோயினின் ஆற்றல் குன்றியது. பல நாள் சேர்ந்தபோது அளவும் இறங்கியது. ஆகவே, தனித்தனியே வலிப்பை அடக்கும் இரண்டு பொருள்கள் சேரும்போது ஒன்று மற்றதன் ஆற்றலைக் கெடுக்கவும் கூடும். குருதிப் பரிசோதனை மட்டும் அதை எப்போதும் காட்டிக்கொடுக்காது.

சில பொருள்கள் நொதிகளைத் தொடாமலேயே தீங்கு செய்யும். பூசையறைக் கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வயிற்றுக்குள் போனால் தாமே வலிப்பை உண்டாக்கும். குழந்தைகளுக்குச் சிறிதளவே போதும்.

தாவரத்திலிருந்து வலிப்பு மருந்து பிறக்காது என்பதன்று இதன் பொருள். கஞ்சாச் செடியிலிருந்து தூய்மையாகப் பிரித்த கன்னாபிடியாலை 2018இல் அமெரிக்கா இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு ஏற்றது. அதுவும் குளோபசாம் என்னும் மற்றொரு வலிப்பு மருந்தோடு சேரும்போது, குளோபசாம் உடலில் சிதைந்து உண்டாகும் செயல்திறனுள்ள பொருளைக் குருதியில் பெருக்கித் தூக்கக் கலக்கம் தருவதால், மருத்துவர்கள் சில வேளைகளில் குளோபசாமைக் குறைக்கின்றனர்.

தீசானை ஏற்கெனவே குடித்துவருபவர் அதைத் திடீரென நிறுத்துவதும் மருந்தின் அளவை அசைக்கும். நொதிகளைத் தூண்டி மருந்தை விரைவாகச் சிதைக்கச் செய்த மூலிகை விலகிய பின், அவை பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரை குருதியில் மருந்து மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். ஆதலால் மாத்திரையில் கை வைக்காமல், பொட்டலத்தை அப்படியே மருத்துவரிடம் எடுத்துச் சென்று, குடிக்கத் தொடங்கிய நாளையும் நிறுத்தப்போகும் நாளையும் சொல்லிவிட வேண்டும்.