அந்த ஒன்று கழிந்துவிடாது

"பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு நான்கில் ஒன்று என்றீர்களே டாக்டர். அந்த ஒன்றுதான் இவளுக்கு வந்துவிட்டதே, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லைதானே?"

கேட்ட தாய் மீண்டும் கருவுற்றிருந்தார். மடியில் நான்கு வயது மகள், ரத்தம் ஏற்றிய புறங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். பீட்டா தலசீமியா, ரத்தச் சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். பெற்றோருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால், ஆளுக்கொரு பழுதான மரபணுவைச் சுமப்பவர்கள், 'கேரியர்' என்போம்.

இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை மேசையில் வைத்தேன். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு. பூ விழுந்தால் பழுதான மரபணு பிள்ளைக்குப் போகிறது. இரண்டிலும் பூ விழுந்தால்தான் நோய். ஒவ்வொன்றிலும் பூ விழ வாய்ப்பு 1/2. ஒன்று விழுவது மற்றதைப் பாதிக்காது; அதனால்தான் பெருக்குகிறோம்: 1/2 × 1/2 = 1/4. அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டையும் புதிதாகச் சுண்ட வேண்டும். மறுபடியும் அதே 1/4.

இரண்டு பிள்ளைகளுக்கும் நோய் வர 1/16தான் என்று கணக்குப் போட்டு நிம்மதியடைகிறவர்களும் உண்டு. முதல் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அது சரி. பிறந்த பிறகு அந்தப் பிள்ளையின் 1/4 நடந்து முடிந்த உண்மை. அதைப் பெருக்க முடியாது.

தனித்தனி வாய்ப்புகளாக நினைத்துப் பெருக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது, சொந்தத்தில் கல்யாணம். நம் வீடுகளில் நான் அதிகம் அஞ்சுவது அதைத்தான். உதாரணத்துக்கு, ஊரில் 50 பேருக்கு ஒருவர் கேரியர் என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவருமே கேரியராக இருக்க வாய்ப்பு 1/50 × 1/50, அதாவது 2,500இல் ஒன்று. மாமனும் அக்காள் மகளும் என்றால் இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. மாமன் கேரியர் என்றால் அக்காள் கேரியராக இருக்க ஏறத்தாழ 1/2, அவள் மகளுக்கு 1/4. ஆக 1/50 × 1/4, 200இல் ஒன்று. ஒரே தாத்தா பாட்டியின் ரத்தம் இரண்டு பக்கமும் ஓடும்போது, ஒருவரைப் பற்றித் தெரிவது மற்றவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறது. அத்தை மகன், மாமன் மகள் என்றாலும், ஒருவர் கேரியரானால் மற்றவருக்கு 1/8. 1/50ஐவிட எத்தனையோ மடங்கு.

இந்தத் தம்பதியும் மாமன், அக்காள் மகள்தான். கர்ப்பம் பத்தாவது வாரம். 11ஆவது வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லி, பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

அதுவரை பேசாதிருந்த கணவர் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்: "என் தம்பிக்கு அத்தை மகளைப் பேசி முடித்திருக்கிறோம். தை மாதம் கல்யாணம். அவர்களும் ரத்தம் பார்க்க வேண்டுமா?"

இரண்டு சீட்டுகள் எழுதினேன், தம்பிக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.