மெய்நிகர் பட்டறையில் கையின் நடுக்கம்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பயிற்சிக் கூடத்தில், தருமபுரியிலிருந்து வந்திருந்த பையன் ஒருவன் கண்களை மூடியபடி மெய்நிகர் காட்சியைக் காட்டும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, இரும்பும் நெருப்பும் இல்லாத வெறும் மேசைமுன் நின்று வெல்டிங் பழகிக்கொண்டிருந்தான். திரையில் 92 மதிப்பெண் விழுந்தது. மாஸ்டரோ திரையைப் பார்க்காமல் அவனுடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “கை ஆடுது தம்பி” என்றார். “ஸ்கோர் நல்லாத்தானே சார் வந்திருக்கு?” என்றான் அவன். இருவர் சொன்னதுமே உண்மைதான். அது எப்படி என்பதை அறிய, அவன் கையசைவை மெய்நிகர் காட்சிக்குச் சொல்லும் பிடிகருவியான கன்ட்ரோலர் தன் இருப்பிடத்தைக் கணிக்கும் முறையிலிருந்து தொடங்க வேண்டும்.

கன்ட்ரோலருக்குள் முடுக்கமானியும் ஜைரோஸ்கோப்பும் அடங்கிய சிறு சில்லு ஒன்று இருக்கிறது. வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை முன்னதும், கை எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதைப் பின்னதும் நொடிக்குப் பல நூறு முறை அளக்கின்றன. முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகமும், மறுமுறை தொகையிட்டால் நகர்ந்த தொலைவும் கிடைக்கும். மேல்நிலை வகுப்புக் கணக்குதான். ஆனால், முடுக்க அளவீட்டில் நொடி வர்க்கத்துக்கு 0.01 மீட்டர் என்ற சிறு பிழை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட, அசையாமல் வைத்த கை 10 நொடியில் அரை மீட்டர் தள்ளிப் போய்விட்டதாகக் கணக்கு சொல்லும். ஏனெனில் அந்தப் பிழை நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது.

ஆகவே சில்லை அவ்வப்போது திருத்துவதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி தேவைப்படுகிறது. 2016-இல் வந்த எச்.டி.சி. வைவ் கருவியில், அறையின் மூலைகளில் வைத்த பெட்டிகள் லேசர் கதிரை வீசிச் செல்ல, அது எந்தக் கணத்தில் தன்மேல் பட்டது என்பதைக் கொண்டு கன்ட்ரோலரின் இடம் கணிக்கப்பட்டது. 2019-இல் வந்த ஓக்குலஸ் குவெஸ்ட் அந்தப் பெட்டிகளே இல்லாமல் வேலை செய்தது: கன்ட்ரோலரில் பதித்த அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை ஹெட்செட்டிலுள்ள கேமராக்கள் புள்ளிகளாகப் பார்க்கின்றன. அந்த விளக்குகள் எந்த அமைப்பில் பதிக்கப்பட்டவை என்பது மென்பொருளுக்கு முன்பே தெரியும் என்பதால், புள்ளிகள் தெரியும் கோணத்தைக் கொண்டு கன்ட்ரோலரின் இடத்தையும் சாய்வையும் அது கண்டுபிடித்துவிடுகிறது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்தபோது பையனின் வெல்டிங் ராடு திரையில் தானாகவே துள்ளத் தொடங்கியது. மாஸ்டர் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

இவ்விரு அளவீடுகளையும் இணைத்த பிறகும் ஒரு சிறு அதிர்வு மிஞ்சும். அதை அப்படியே காட்டினால் பார்ப்பவருக்கு எரிச்சல் வரும் என்பதால், வடிகட்டி ஒன்றைப் போட்டு அசைவை மழமழப்பாக்குகிறார்கள். மிகுதியாக வடிகட்டினால், கை போன பிறகுதான் படம் போகும். இதற்காக 2012-இல் வெளியான ‘ஒன் யூரோ’ என்ற எளிய வடிகட்டி, கை மெல்ல நகரும்போது அழுத்தமாகவும், விரைந்து நகரும்போது தளர்வாகவும் வடிகட்டுகிறது. மெனுவைச் சுட்டுவதற்கு இது அருமையான ஏற்பாடு. வெல்டிங் கற்பவருக்கோ இதுவே வினையாகிறது.

3.15 மி.மீ. ராடைக் கொண்டு வெல்டிங் செய்யும்போது, ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே ஏறத்தாழ அதே 3 மி.மீ. இடைவெளியைக் காக்க வேண்டும். கூடினால் ஆர்க் என்ற மின்பொறி அலைந்து அணையும், குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். எரிய எரிய ராடு குறுகிக்கொண்டே போவதால், கையும் ஒரே சீராக இறங்கிக்கொண்டே வர வேண்டும். எல்லா மனிதக் கைகளிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை வரை ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. பழகாதவர் ராடைப் பற்றியிருக்கும் ஹோல்டரை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது பெரிதாகிறது. கை மெல்ல நகரும் வேலையான வெல்டிங்கில் வடிகட்டி மிக அழுத்தமாக இயங்கும். கருவியின் அதிர்வோடு சேர்த்துப் பையனின் நடுக்கத்தையும் அது துடைத்துவிடும். அந்த மழமழப்பான கோட்டுக்குக் கிடைத்ததுதான் 92.

படத்துக்கு ஒரு கணக்கும் மதிப்பெண்ணுக்கு வேறொரு கணக்கும் வைப்பதே முறை என்பது என் கருத்து. கண்ணுக்கு இதமாக எவ்வளவு வேண்டுமானாலும் வடிகட்டலாம். மாணவனை மதிப்பிடும் இடத்தில் அதே சலுகை ஆகாது.

கன்ட்ரோலரே வேண்டாம், வெறுங்கையே போதும் என்போரும் உண்டு. அதில் கேமராப் படத்திலிருந்து மணிக்கட்டும் விரல் மூட்டுகளுமாக 21 புள்ளிகளை நரம்பியல் வலையமைப்பு என்ற பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள் ஊகிக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், எடுத்துக்காட்டாக, 1 செ.மீ. நெருங்கினால் ‘பிடித்தான்’ என்றும், 2 செ.மீ. விலகினால்தான் ‘விட்டான்’ என்றும் இரண்டு எல்லைகளை வைத்திருப்பார்கள்; ஒரே எல்லையாக இருந்தால் பொருள் கையில் ஒட்டியும் விழுந்தும் படபடக்கும். மெய்நிகர் பாடங்களில் இதயத்தின் அறைகளைப் பிரித்துப் பார்க்கவோ, மூலக்கூறைத் திருப்பிப் பார்க்கவோ இது போதும். ஆனால் புறங்கை கேமராவை மறைத்துவிட்டால், மறைந்த விரல்கள் எங்கே இருக்கின்றன என்பது வெறும் ஊகம்தான்; பிடித்த பொருளுக்குக் கனமும் இல்லை. கருவி பிடிக்கும் தொழிலுக்கு உண்மையான ஹோல்டரிலேயே கன்ட்ரோலரைப் பொருத்திக் கொடுப்பதுதான் நியாயம்.

ஆனால் வடிகட்டாத கோட்டில் ஆடுவது கருவியா, கையா என்று எப்படிப் பிரிப்பது? மாஸ்டர் அமைப்புப் பக்கத்துக்குப் போய் வடிகட்டியை முழுவதும் தளர்த்தினார். கன்ட்ரோலரை மேசைமேல் அசையாமல் வைத்துக் கோட்டைப் பார்க்கச் சொன்னார். தலைமுடி அளவுக்கு மட்டும் அது அதிர்ந்தது. “இது மிஷினோடது” என்று சொல்லி, எடுத்துப் பையனின் கையில் கொடுத்தார். கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது. பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினான்.